தரையிலிருந்து அளந்த மீசை

சலூனுக்குள் பெண்கள் வரக் கூடாதென்று யாரும் எழுதிப் போட்டிருக்கவில்லை. இருந்தாலும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்ததும் காத்திருந்த மூன்று தலைகள் ஒன்றாகத் திரும்பின. கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தலையைத் திருப்ப வழியில்லை. அவர் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டார்.

சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "யாரையாவது தேடுறீங்களாக்கா?"

"மீசைக்குப் போடுற மெழுகு வேணும்."

"யாருக்கு?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் அதை இறக்காமலே, "அவங்களுக்குத்தான் போல. சும்மா குடுப்பா, கேள்வி கேட்டுட்டு," என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். பதிலுக்கு ஒன்று கொடுத்திருக்கவும் செய்வாள். பத்தொன்பது வருஷமாகத் தையற்கடையில் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வாய்க்கா பஞ்சம்? அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு. பெரிய ஹோட்டல் வாசல்ல நிப்பாரே."

பேப்பர் மடிக்கு இறங்கியது. "மீசைக்காரர் வீட்டு அம்மாவா நீங்க? மன்னிச்சுக்கோங்க. எங்க அவரை ஆளையே காணோம்? ஒரு மாசமா வேற ஒருத்தன் நிக்கிறான், மூஞ்சி, கழுவிக் கவுத்தி வச்ச தட்டு மாதிரி."

"லீவுல இருக்கார்," என்றாள்.

சலூன்காரர் அலமாரியிலிருந்து மூன்று தகர டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு பொத்தான் டப்பா அளவுதான் இருக்கும். நீல மூடி இளக்கம், மஞ்சள் நடுத்தரம், கறுப்பு கெட்டி. "அண்ணன் எப்பவும் மஞ்சள்தான். அவரே வந்து மூடியைத் திறந்து, நகத்தால ஒரு சுரண்டு சுரண்டி, விரல்ல உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். பொண்ணு பார்க்கப் போற மாதிரி."

"மஞ்சள் நிக்க மாட்டேங்குது."

"அண்ணன் மீசையிலயா?"

"வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல," என்று சொல்லிவிட்டு அவள் கறுப்பு மூடியைத் தொட்டாள். "இது எப்படி?"

"இதைப் போட்டா இரும்புக் கம்பி மாதிரி நிக்கும். ஆனா எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நல்ல மேகமூட்டம். வெயிலைப் பற்றித் தான் சொன்ன பொய் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

*

ஆறு வாரத்துக்கு முன் ஒரு காலையில் அவர் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்தபோது அது இடது பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. அப்படித்தான் தெரிந்தது. முகத்தின் இடது பாதி ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கியிருந்தது. புருவம் சரிந்து, கண் மூடாமல், கடைவாய் தொங்கிப்போய். முகத்துக்கு வருகிற நரம்பு வீங்கியிருக்கிறது, மூளையில் ஒன்றுமில்லை, மெல்லத் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பவும்தான் செய்தது. கண் இப்போது முக்கால்வாசி மூடுகிறது. வாயின் ஓரம் மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அது முழுக்கத் திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடித் திறந்து, "பார்ப்போம்," என்றார்.

வாய் இறங்கினால் அதன்மேல் இருக்கிற மீசை என்ன செய்யும்? அதுவும் இறங்கியது. இருபது வருஷமாக இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி மேலே ஏறி நின்ற முறுக்கு மீசையில் வலது கொம்பு வழக்கம்போல வானத்தைப் பார்த்தது. இடது கொம்பு தெருவைப் பார்த்தது.

அவர் குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டார். வீட்டில் யாரிடம் பேசினாலும் வலது கன்னத்தைக் காட்டியே பேசினார். சாப்பிடும்போது சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். இதையெல்லாம் அவள் பார்க்காதது மாதிரி இருக்கப் பழகியிருந்தபோதுதான் போன ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மேலாளர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு யூனிபார்மோடு வரவேண்டும். பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். வாசலுக்கு ஒத்துவந்தால் வாசல். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் பெட்டி அறை. விருந்தாளிகளின் பெட்டிகளுக்கு அட்டை கட்டி அடுக்குகிற வேலை, சம்பளத்தில் மாற்றம் கிடையாது.

"நல்ல வேலைதான்," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "உட்கார்ந்தே பார்க்கலாம்."

அவள் மடியிலிருந்த துணியை மடித்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். இது நிக்கலைன்னா எடுத்துருவேன். பாதி செத்த மீசையோட போய் அந்த ஆள் முன்னாடி நிக்க என்னால முடியாது. பெட்டிக்கு அட்டை கட்டறவனுக்கு எதுக்கு மீசை?"

எடுத்துருவேன் என்று அவர் சொன்ன அந்த நொடியில் அவளுக்குள் என்னவோ ஒன்று தளர்ந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஒரு கொக்கியைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கழற்றும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சுகம். அது என்னவென்று புரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

கல்யாணத்தின்போது அவருக்கு இருந்தது எல்லாரையும் போல ஒரு சாதாரண மீசை. ஹோட்டல் வாசலில் வேலை கிடைத்தபோது அவர்கள் வளர்க்கச் சொன்னார்கள். வளர்ந்தது. வளர்ந்து, வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டது. தினமும் காலையில் அதற்காக இருபது நிமிஷம் குளியலறைக் கதவு சாத்தியிருக்கும். தூங்கும்போது அதற்கு ஒரு துணிப்பட்டை. குவளையில் குடித்தால் நனையும் என்பதால் கரண்டி. தெருவில் போனால் வருகிறவர் போகிறவரெல்லாம் அதற்கு வணக்கம் வைப்பார்கள். யாரோ எவரோ எடுத்த படங்களில் அது எங்கெங்கோ போய் யார் யார் வீட்டிலோ மாட்டியிருக்கும். அதற்குக் கீழே அவர் சிரிக்கிறாரா, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாரா என்பது அவளுக்குப் பல நேரம் தெரியாது. மேலுதடு எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

ஒருமுறை, மகள் பிறந்து எட்டு மாதம் இருக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவருக்குச் சாப்பாடு கொடுக்க ஹோட்டலுக்குப் போயிருந்தாள். அப்போது ஒரு குடும்பம் அவரோடு படம் எடுத்துக்கொள்ள வந்தது. கேமராவை வைத்திருந்த அம்மாள் கையை ஆட்டி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். இவள் தள்ளி நின்றாள். அவ்வளவுதான் நடந்தது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் அந்த வாசலுக்குப் போனதில்லை. அவர் ஏன் என்று கேட்டதுமில்லை.

அப்படி இருந்தவள்தான் செவ்வாய்க்கிழமை போய்க் கறுப்பு டப்பாவை வாங்கி வந்தாள். மீசையைக் காப்பாற்றவா, ஞாயிற்றுக்கிழமை தனக்குள் தளர்ந்த அந்த ஒன்றுக்குப் பரிகாரமாகவா என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

*

அன்று சாயங்காலம் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால் வேலை அவள் தலையில் விழுந்தது.

"நகத்தால சுரண்டு. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டு. சூட்டுல இளகணும். இளகினப்புறம் நடுவுலேர்ந்து வெளியே இழுத்துட்டுப் போகணும்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்? நீ என்னிக்குப் பார்த்தே?"

"பார்க்க விட்டாத்தானே," என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கண் மூடியது. இடது கண்ணில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அவள் விரல் மீசையில் பட்டதும் அவர் தோள் ஒரு முறை குலுங்கி அடங்கியது. அவளுக்கும் என்னவோ போல இருந்தது. இத்தனை வருஷமும் நார் மாதிரி முரடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். மெழுகில்லாத மீசை அப்படி இல்லை. மகளின் சின்ன வயதுத் தலைமுடி அளவுக்கு மெத்தென்று இருந்தது.

தொழில் புத்தி அவளை விடவில்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து, வலது கடைவாயிலிருந்து கொம்பின் நுனி எவ்வளவு உயரம் என்று அளந்தாள். இரண்டு அங்குலம். இடது பக்கமும் கடைவாயிலிருந்து சரியாக இரண்டு அங்குலத்துக்கு நுனியைத் தூக்கி முறுக்கிவிட்டாள். கறுப்பு மெழுகு சொன்னபடி கம்பியாக நின்றது. திருப்தியோடு இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். அளவு இம்மி பிசகவில்லை. ஆனாலும் மீசை கோணல்.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தோடு எட்டிப் பார்த்தாள். "முன்னாடி மீசை கடிகார முள் மாதிரி பத்து பத்து காட்டும். இப்போ பத்து இருபதுப்பா."

அவர் சிரித்துவிட்டார். மகள் என்ன சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பு வலது பக்கத்துக்கு மட்டும்தான் வந்தது. அந்தப் பக்கக் கொம்பு இன்னும் மேலே ஏற, பத்து இருபது என்பது பதினொன்று இருபது ஆனது. மகளின் முகம் மாறியதை அவர் பார்த்தார். சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

அரை மணி நேரம் போவதற்குள் கெட்டி மெழுகின் கனம் தாங்காமல் இடது உதடே மெல்ல இறங்கியது. கம்பி வளையவில்லை. நட்டு வைத்த மண்ணோடு சேர்ந்து அது சாய்ந்தது. வெந்நீர்த் துணியால் மெழுகை எடுக்கும்போது முடிகள் வேரோடு கையில் வந்தன.

"வலிக்குதா?"

"அந்தப் பக்கம்தான் ஒண்ணும் தெரியாதே," என்றார். ஆனால் வலது பக்கத்தைத் துடைத்தபோதும் அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "விடு. வியாழக்கிழமை வரைக்கும் கூட வேண்டியதில்லை போல."

"சொன்ன நாள் சொன்ன நாளாவே இருக்கட்டும்," என்றாள் அவள். தன் குரல் இவ்வளவு கறாராக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை இருவரும் மீசையைப் பற்றிப் பேசவே இல்லை.

*

வியாழக்கிழமை மத்தியானம் தையற்கடைக்கு ஒரு பெண்மணி நீளக் கவுன் ஒன்றைக் கீழே மடித்துத் தைக்கக் கொண்டுவந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். நடக்கும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கியது. "போன தடவை வேற கடையில குடுத்தேன். அளவெல்லாம் சரியா இருக்குன்னு சாதிச்சாங்க. போட்டா ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. நான்தான் கோணலா நிக்கிறேனாம்."

கடையின் சொந்தக்காரி, எல்லாருக்கும் அவர் அக்காதான், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். "இடுப்புலேர்ந்து அளந்திருப்பாங்க. இடுப்பே சாஞ்சிருக்கு, அதை நம்பி அளந்தா விளங்கும். அந்தக் கோலை எடும்மா."

அவள் மூலையிலிருந்த மரக்கோலை எடுத்தாள். மூன்றடி உயரம், அடியில் தானாக நிற்க ஒரு பலகை, மேலே ஏறி இறங்குகிற ஒரு கட்டை. அதைத் தரையில் நிறுத்தி, அந்தப் பெண்மணியைச் சுற்றி மண்டியிட்டே நகர்ந்து, தரையிலிருந்து ஒரே உயரத்தில் சாக்பீஸால் சின்னச் சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஆயிரம் தடவை செய்த வேலை, கை தன்பாட்டுக்குச் செய்யும். தூக்கிக்கொண்டிருந்த பக்கத்துக்கு வந்தாள். அங்கே துணி போதாது. போதாத துணியை இழுத்து நீட்டவா முடியும்? இந்தப் பக்கம் எது வரைக்கும் வருகிறதோ அதுதான் கணக்கு, மற்றப் பக்கத்தை இதற்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

சாக்பீஸ் அப்படியே நின்றது.

கடைவாயிலிருந்து அளந்தோமே. அந்தக் கடைவாய்தானே இறங்கியிருக்கிறது.

"என்னடி, மண்டி போட்டபடியே தூங்கிட்டியா?" என்றார் அக்கா.

"அக்கா, இன்னிக்கு நாலு மணிக்குக் கிளம்பட்டுமா? இந்தக் கோலையும் எடுத்துட்டுப் போறேன். காலையில கொண்டு வந்துடுவேன்."

"எதுக்கு?"

"மீசைக்கு."

மெஷின் நின்றது. அக்கா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வாரமாக அவள் வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியும். "மெழுகு ஒட்டாம கொண்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார்.

சலூனில் அன்று யாருமில்லை. சலூன்காரர் தானே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த கோலைப் பார்த்ததும் பாதியில் எழுந்தார்.

"நீல டப்பா ஒண்ணு குடுங்க."

"நீலமா? அது இப்பத்தான் மீசை முளைக்கிறவங்க ஆசைக்கு வாங்குறதுக்கா. அண்ணன் மீசைக்கு அது வெறும் தண்ணி. கறுப்பே நிக்கலைன்னா நீலம் எப்படித் தூக்கும்?"

அவள் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். "அவருக்கு முகம் ஒரு பக்கம் இறங்கிடுச்சு தம்பி. வெயிலெல்லாம் ஒண்ணுமில்ல."

சலூன்காரர் டீயைக் கீழே வைத்தார். எத்தனை வருஷமாக அந்த முகத்தின் கன்னத்தையும் தாடையையும் மழித்திருப்பார். தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இடது."

"தூக்கணும்னு கறுப்பைப் போட்டீங்க. அதோட கனமே கீழே இழுத்திருக்கும்."

"ஆமா. இப்போ தூக்கப் போறதில்ல. மத்ததை இறக்கப் போறேன்."

அவர் மனசுக்குள் அந்த முகத்தை வரைந்து பார்ப்பது தெரிந்தது. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தார். "சரி. அப்போ நீலம்தான். அது தூக்காது, முடியை ஒண்ணா சேர்த்துப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். பட்டாணி அளவு போதும், ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து. சீப்பை வெந்நீர்ல முக்கிட்டு வாருங்க." டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவர் காசு வாங்க மறுத்தார். "அண்ணன் வந்து அவரே குடுக்கட்டும். நேர்ல வந்து."

*

அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் கூடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

"அப்பா வெந்நீர் வாங்கிட்டு உள்ளே போனார்," என்றாள் மகள் மெல்லிய குரலில். "அலமாரியிலேர்ந்து புது ப்ளேடும் எடுத்துட்டுப் போனார்."

அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே கிண்ணத்தில் பிரஷ் சுற்றுகிற சத்தம் கேட்டது. இருபது வருஷமாக இந்தக் கதவுக்கு வெளியேதான் அவள் நின்றிருக்கிறாள். இன்னும் ஐந்து நிமிஷம் இப்படியே, ஒன்றும் பேசாமல், கையைக்கூட அசைக்காமல் நின்றால் போதும். யார் மேலும் பழி வராது. கதவு திறந்து வெளியே வருகிறவர் கல்யாணத்தின்போது பார்த்த அதே மனுஷனாக இருப்பார். குவளையில் குடிப்பார். தெருவில் கூட நடந்தால் யாரும் தள்ளி நில் என்று சொல்ல மாட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு விளக்கடியில் உட்கார்ந்து, வலது கன்னத்தைச் சுவருக்குக்கூடக் காட்ட வேண்டிய அவசியமில்லாமல், பெட்டிகளுக்கு அட்டை கட்டுவார்.

அந்தக் கடைசிப் படம் மனதில் வந்ததும் அவள் கோலை இறுகப் பிடித்தாள். தான் விரும்பியது அவருடைய முகத்தை. அது யார் கண்ணிலும் படாமல் போக வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டதே இல்லையே.

கோலின் அடிப்பலகையால் கதவைத் தட்டினாள்.

"என்ன?"

"வெளியே வாங்க. அளக்கணும்."

"எதை?"

"உங்களைத்தான். வாங்கங்க."

கதவு திறந்தது. தாடை முழுக்க நுரை. மீசையில் இன்னும் நுரை படவில்லை. கையிலிருந்த ரேஸரையும் அவள் கையிலிருந்த கோலையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குக் கவுன் தைக்கப் போறியா?"

"அப்படியே நிலைக்குள்ள நில்லுங்க. வெறுங்காலோட. நேரா."

வாசலில் நிற்பது அவர் தொழில். நேராக நில் என்றதும் குதிகால்கள் தாமாகவே சேர்ந்தன, முதுகு நிமிர்ந்தது. குளியலறைக் கதவின் இரண்டு நிலைக்கால்களுக்கும் நடுவில், நுரைத்தாடியோடு, ஹோட்டல் வாசலில் நிற்கிற மாதிரியே நின்றார். அவள் முக்காலியில் ஏறினாள். மகள் கோலைத் தரையில் பிடிக்க, கோலின் உச்சியிலிருந்து நாடாவை மேலே ஓட்டி, இடது கொம்பின் நுனி இருந்த உயரத்தில் நிலைக்காலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். பிறகு கோலை மறுபக்கம் நிறுத்தி, அதே உயரத்தில் வலது நிலைக்காலிலும் ஒரு கோடு. வலது கொம்பு அந்தக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அங்குலத்தில் இருந்தது.

"இதை அங்கே இறக்கணும்," என்றாள்.

"நல்லா இருக்கறதையா? விழுந்ததைத் தூக்க முடியலைன்னு நிக்கிறதையும் தள்ளிவிடறதா?"

"விழுந்ததுன்னு யார் சொன்னா? அது அங்கேதான் இருக்கு. அதுதான் இப்போ உங்க அளவு."

அவள் வெந்நீரில் சீப்பை முக்கி வலது பக்கத்தை வாரினாள். இருபது வருஷமாக மேலே ஏறிப் பழகிய முடி லேசில் மசியவில்லை. பட்டாணி அளவு நீல மெழுகைப் பாதியாக்கி விரலில் உருட்டித் தேய்த்தாள்.

"எதுக்கு இவ்வளவு பாடு படுறே?" என்றார் அவர், மேலே பார்த்தபடி. "நீயே வேண்டாம்னு நினைச்ச மீசைதானே இது."

அவள் கை நின்றது. "யார் சொன்னா?"

"ப்ளேடு சொல்லிச்சு. இந்த வீட்ல உப்பு தீர்ந்திருக்கு, சோப்பு தீர்ந்திருக்கு. ஒருநாளாவது ப்ளேடு தீர்ந்திருக்கா? அலமாரியில எப்பவும் ரெண்டு பாக்கெட் பிரிக்காம இருக்கும். சலூன்ல மழிச்சுக்கறவனுக்கு எதுக்கு வாங்கி அடுக்குறேன்னு எனக்குத் தெரியாதா?"

கீழே கோலைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா, நினைச்சேன்," என்றாள் அவள். சொல்லிவிட்டது அவளுக்கே நம்ப முடியாமல் இருந்தது. "இவ கைக்குழந்தையா இருந்தப்போ ஒரு நாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். படம் எடுக்க வந்த அம்மா என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிச்சு. நீங்க பக்கத்துல நின்னுட்டுத்தான் இருந்தீங்க."

"நான் கவனிக்கல."

"தெரியும்."

"அதுக்கப்புறம்தான் நீ வரதே இல்லையா?"

"பேசாதீங்க. உதடு அசையுது."

அவர் அசையாமல் நின்றார். மூடாத இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கி நுரையில் கலந்தது. அந்தக் கண்ணில் எப்போதும்தான் நீர் வடிகிறது. அதனால் அதை எதோடும் சேர்த்து நினைக்காமல் துண்டால் ஒற்றினாள்.

இடது பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தூக்கவில்லை, முறுக்கவில்லை. இருந்த இடத்திலேயே முடியைச் சேர்த்து, அகலமாக வெளியே இழுத்து, நுனியை மட்டும் ஒரு நெல் அளவுக்கு நிமிர்த்தினாள். முக்காலியிலிருந்து இறங்கிக் கூடத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்கும் நடுவில் மீசை ஒரு தட்டுத் தராசு மாதிரி சமமாக நின்றது. தொங்கிய கடைவாயை அது மூடியும் இருந்தது. முகம் கோணல்தான். அதை யாரும் ஒளிக்க முடியாது. ஆனால் இப்போது முதலில் கண்ணில் படுவது அது இல்லை.

"எத்தனை மணி?" என்று மகளைக் கேட்டார் அவர்.

மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஒன்பதே கால். வேலைக்குக் கிளம்புற நேரம்ப்பா."

அவர் திரும்பி, கண்ணாடியின் மேலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தாடையில் காய்ந்து போயிருந்த நுரையை மழிக்க ஆரம்பித்தார்.

*

வெள்ளிக்கிழமை கோலைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் ஹோட்டலுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றாள். அது அவள் போகிற வழியே இல்லை. பத்து மணிக்கு மேலாளர் படியிறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கார் வாங்க வந்தவர் மாதிரி அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஏதோ கேட்டார். இவர் ஏதோ சொன்னார். மேலாளர் மோவாயைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வாசலில்தான் நின்றார். ஒரு கார் வந்தது, கதவைத் திறந்தார். அடுத்தது வந்தது. பிறகு ஒரு வயதான தம்பதி படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். ஆறு வாரப் பழக்கத்தில் அவர் முகம் வலது பக்கத்தைக் காட்டத் திரும்பியது. பாதியில் நின்று, மெல்ல, முழு முகத்தையும் கேமராவுக்குக் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ரெண்டு வாரம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். பகல்ல மட்டும். புது ஸ்டைலான்னு கேட்டார். இல்ல, புது அளவுன்னேன்."

"நல்லது."

"நீ கோலோட எதிர்த்தாப்புல நின்னே. மூணு பஸ் போச்சு, ஒண்ணுலயும் ஏறலை. ஏன் உள்ளே வரல?"

அவள் தண்ணீர் எடுத்து வந்தாள். கரண்டி எடுத்துவர அவள் மறந்துவிட்டாள். அவர் குவளையிலேயே, ஓரமாக, துண்டை மோவாயில் வைத்துக்கொண்டு குடித்தார்.

"அந்த வாசல்ல யார் நிக்கலாம், யார் தள்ளி நிக்கணும்னு சொல்றது என் வேலை," என்றார். "அன்னிக்கே செஞ்சிருக்கணும்."

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குளியலறையிலிருந்து அவர் கூப்பிட்டார். கதவு விரியத் திறந்து கிடந்தது. நிலைக்காலில் சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன, யாரும் துடைத்திருக்கவில்லை. அவர் கண்ணாடி முன்னால் நின்று, நீல டப்பாவிலிருந்து நகத்தால் சுரண்டியதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அவளிடம் நீட்டினார்.

"வலது பக்கம் நான் பார்த்துக்கறேன். இடது பக்கம் உன் பாடு."